காலையில் ஏறாத முள்: ஒரு டொல்பின் வானின் கொதிப்பு

எஞ்சினின் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியை, இறக்குவதற்கான காசை ஒரு பழுப்பு உறையில் போட்டு எடுத்துக்கொண்டுதான் அந்த ஐயா வந்தார். உறையை மேசையில் வைத்துவிட்டு, "எப்ப தம்பி வேலை தொடங்குவீங்க?" என்றார். வானை நான் இன்னும் பார்க்கவேயில்லை. அது வெளியே, திருகோணமலை அனுராதபுரச் சந்திப் பக்கத்தில் இருக்கிற எங்கள் கராஜ் வாசலில், வேப்பமர நிழலில் நின்றது.

டொயோட்டா ஹைஏஸ். 1989இல் வெளிவந்த, நம் நாட்டில் எல்லோரும் டொல்பின் என்று கூப்பிடுகிற அந்த வடிவம். 3எல் டீசல் எஞ்சின், 2779 சிசி, டர்போ இல்லாதது. முப்பது வயதைத் தொட்ட வாகனம். மீட்டர் காட்டுகிற கிலோமீட்டர் கணக்கை இந்த வயதில் நான் நம்புவதில்லை, அதனால் அதை இங்கே எழுதவும் இல்லை.

வாகனமும் முறைப்பாடும்

ஐயாவின் வீடு உப்புவெளியில். பல வருடம் இதே வானை டவுனுக்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏற்றத்தான் ஓட்டியிருக்கிறார். காலையில் ஒரு ஓட்டம், பின்னேரம் ஒரு ஓட்டம், மற்ற நேரம் வீட்டு முற்றத்தில். இந்த வருடம் மகன் ஸ்டியரிங்கைப் பிடித்தபிறகுதான் தூரப் பயணங்கள் தொடங்கின. கண்டி, கதிர்காமம், நல்லூர் என்று.

முதல் கொதிப்பு பேராதனைப் பூங்காவுக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனபோது. தம்புள்ளை தாண்டி மாத்தளை வரை ஒரு குறையும் இல்லை. மாத்தளைக்குப் பிறகு பலகடுவ ஏற்றத்தில் சூடு காட்டுகிற மீட்டர் முள்ளு மேலே ஏறத் தொடங்கி, பாதி ஏற்றத்தில் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஓரமாக நிறுத்தி, மகன் அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்திருக்கிறார். கையில் முழங்கை வரை இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. மூடியில் 0.9 என்று குறியிருந்தது. அந்த அமுக்கத்தில் வெறும் தண்ணீர்கூட 118 பாகை அளவில்தான் கொதிக்கும். மூடி திறந்த கணத்தில் அமுக்கம் போய்விட, 100ஐத் தாண்டி நின்ற தண்ணீர் ஒரேயடியாக ஆவியாகிப் பொங்கும். சூடாக இருக்கும் மூடியில் கைவைக்காதே என்று எல்லோரும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் பின்னால் பதினான்கு பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தால் அது யாருக்கு ஞாபகம் வரும்?

அதற்குப் பிறகு இரண்டு தரம், அதே மாதிரி, அதே ஏற்றத்தில்.

எங்களிடம் வரும் முன்பு நடந்த வேலைகள் இவை. ஓர் இடத்தில் வாட்டர் பம்ப் புதிதாகப் போட்டார்கள். இன்னோர் இடத்தில் ரேடியேட்டரைக் கழற்றிக் கிண்ணியாவில் ஒரு நானாவிடம் கொடுத்து, மேல் தொட்டியைப் பிரித்துக் குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்வித்தார்கள். மூடி மாற்றினார்கள். ஏசியைப் போடாமல் ஓட்டச் சொல்லி அதன் பெல்ட்டையே கழற்றி சீட்டுக்கு அடியில் போட்டிருந்தார்கள். கடைசியாகப் பார்த்த கராஜில், எல்லாம் மாற்றியும் கொதிக்கிறதென்றால் ஹெட்டுக்கு அடியில் கசிவை அடைக்கிற ஹெட் கேஸ்கட்தான், அல்லது ஹெட்டிலேயே வெடிப்பு விட்டிருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். ஐயாவின் கையில் அந்த உறை வந்தது அப்படித்தான்.

யாரையும் குறை சொல்லவில்லை. ஒவ்வொருவரும் மாற்றிய சாமான் மாற்றக்கூடிய சாமான்தான். ஆனால் எங்கேயும் ஒருவர்கூட ஓர் எண்ணை எழுதி வைத்திருக்கவில்லை. எத்தனை பாகையில் முள்ளு சிவப்பைத் தொட்டது, ரேடியேட்டருக்குள் போகும் தண்ணீர் எவ்வளவு சூடு, திரும்பி வரும் தண்ணீர் எவ்வளவு சூடு, ஒன்றும் இல்லை. கையால் தொட்டுப் பார்த்து "நல்ல சூடு" என்பதோடு சரி. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் குளித்த பிள்ளைக்கும் தெரியும், ஒவ்வொரு கிணறும் ஒவ்வொரு சூடு. எது கூட, எது குறைவு என்று உடம்பு சொல்லிவிடும். எத்தனை பாகை என்று மட்டும் சொல்லாது.

வழக்கம்போல ஐயாவிடமும் மகனிடமும் கேள்விகள் கேட்டேன். நின்ற இடத்தில் எஞ்சின் ஓடினால் சூடு ஏறுமா? இல்லை. டவுனுக்குள் நெரிசலில்? இல்லை. ஏசி போட்டுக்கொண்டு துறைமுகத்துப் பக்கம் ஒரு மணித்தியாலம் காத்துக்கிடந்தபோதுகூட ஒன்றும் ஆகவில்லையாம். ஏற்றத்தில், பாரத்தோடு, பத்துப் பதினைந்து நிமிடம் தொடர்ந்து மிதித்தால்தான் வரும். இதுவே பாதிப் பதில். நிற்கும்போது சூடானால் காற்றைப் பார்க்கவேண்டும், அதாவது ஃபேன், ஃபேன் கிளட்ச், ரேடியேட்டரின் முகத்தில் அடைந்த தூசி. ஓடும்போது, அதுவும் பாரம் இழுக்கும்போது மட்டும் சூடானால் தண்ணீரின் ஓட்டத்தையோ எரிதலையோ பார்க்கவேண்டும்.

மகன் பெருமையாக இன்னொன்றும் சொன்னார். "மற்ற நேரத்தில எஞ்சின் நல்ல குளிர்ச்சி அண்ணன். காலையில நிலாவெளி போய்ச் சேரும்வரைக்கும் முள்ளு எழும்பவே எழும்பாது." அதையும் கொப்பியில் எழுதினேன். எழுதிவிட்டுத் தாளைப் புரட்டினேன். இந்த நிகழ்வில் நான் விட்ட முதல் பிழை அதுதான். விடை முதல் நாளே என் கையெழுத்தில் இருந்திருக்கிறது.

முதலில் ஹெட்

காசு கொண்டுவந்தவரிடம் உடனே "ஹெட் இல்லை" என்று சொல்ல முடியாது, சொன்னாலும் நம்பமாட்டார். அதனால் அதையே முதலில் பார்த்தோம்.

இரவு முழுக்க ஆறிய எஞ்சினைக் காலையில் ஸ்டார்ட் செய்து, உடனே மேல் ஹோஸைப் பிடித்துப் பார்த்தேன். கேஸ்கட் விட்டிருந்தால் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுந்து, சூடு ஏறும் முன்பே ஒரு நிமிடத்தில் ஹோஸ் கல் மாதிரி இறுகும். இங்கே தொய்வாகவே இருந்தது. மூடியைத் திறந்து வைத்து ஓட்டியதில் முதலில் நாலைந்து குமிழ் வந்து பிறகு நின்றுவிட்டது. தொடர்ந்து வந்தால்தான் பயம். ஒயிலில் பால் நிறம் இல்லை, புகையில் வெள்ளை இல்லை.

சீனக்குடாவில் இருக்கும் நண்பரிடம் நீலத் திரவம் ஊற்றிச் சோதிக்கிற குழாய் உண்டு. ரேடியேட்டர் வாயில் வைத்து மேலே உள்ள காற்றை அதனூடாக உறிஞ்சினால், எரிந்த வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். டீசலில் பச்சைக் கலப்போடு நின்றுவிடுவதும் உண்டு. குளிரிலும் பார்த்தோம், ஓடிவிட்டு வந்து சூட்டிலும் பார்த்தோம். நீலம் நீலமாகவே இருந்தது. கடைசியாகக் கைப்பம்பால் 0.9 வரை அமுக்கம் ஏற்றி இரவு முழுக்க விட்டோம். காலையில் முள் வைத்த இடத்திலேயே நின்றது.

சில கேஸ்கட்டுகள் முழுப் பாரத்தில் மட்டும் வாய் திறக்கும். ஆகவே இத்தனை சோதனையும் ஹெட்டை முழுதாக விடுதலை செய்யாது. ஆனால் இறக்குவதற்குக் காரணமும் தரவில்லை. உறையை ஐயாவிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் முகத்தில் மகிழ்ச்சி வரவில்லை. சந்தேகம்தான் வந்தது. "பிறகு ஏன் தம்பி கொதிக்குது?"

சமதரையில் ஒரு மலை

பலகடுவவில் வருகிற வருத்தத்தைத் திருகோணமலையில் எப்படி வரவைப்பது? நமக்கு இருக்கிற ஏற்றம் உவர்மலை, கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழி. இரண்டும் எஞ்சின் மூச்சு வாங்கும் முன்பே முடிந்துவிடும். அதனால் மலையை வானுக்குள் ஏற்றினோம். தெரிந்த ஒருவரின் களஞ்சியத்திலிருந்து 50 கிலோ அரிசி மூட்டை பத்து. ஏசி பெல்ட்டைத் திரும்பப் போட்டு முழுதாக ஓடவிட்டோம். கந்தளாய் வீதியில், மூன்றாம் கியரைத் தாண்டாமல், நண்பகல் வெயிலில். ஆவணி மாதம், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று உச்சத்தில் இருந்தது. நிழலில் 36 பாகை.

சூட்டை அளக்க, மல்டிமீட்டரோடு வருகிற கம்பி உணரி இரண்டு. ஒன்றை எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குள் தண்ணீர் போகும் இடத்திலும், மற்றதைத் திரும்பி வரும் இடத்திலும் உலோகக் கழுத்தோடு ஒட்டி, மேலே துணியும் டேப்பும் சுற்றிக் காற்றுப் படாமல் கட்டினோம். டொல்பினில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால் கம்பியை உள்ளே எடுப்பது சுலபம். சிவப்புப் புள்ளி அடிக்கிற துப்பாக்கி மானியும் என்னிடம் இருக்கிறது. பளபளக்கும் உலோகத்தில் அது பத்து இருபது பாகை குறைத்துச் சொல்லும். கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் அடித்தால்தான் நம்பலாம். ஓடுகிற வாகனத்தில் அதுவும் சரிவராது.

என் உதவியாள் பெடியன் இரண்டு மீட்டரையும் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எண்களைச் சத்தமாக வாசித்தான். தம்பலகாமச் சந்தியைத் தாண்டும்போது போகும் தண்ணீர் 98, திரும்பும் தண்ணீர் 61.

நான் அவனை மறுபடி வாசிக்கச் சொன்னேன். அதே எண்கள்.

கந்தளாய் போகும்போது கச்சான் எதிரே அடிக்கும், திரும்பி வரும்போது முதுகில் தள்ளும். ரேடியேட்டருக்குக் காற்றுப் போதாமல் இருந்திருந்தால் திரும்பும் வழியில் சூடு கூடியிருக்கவேண்டும். 99. ஒரு பாகைதான் வித்தியாசம். எதிர்க்காற்றில் எஞ்சினின் பாரமும் கூடும், ஆகவே இதைப் பெரிய சான்றாக எடுக்கமாட்டேன். ஆனாலும் ஃபேன் பக்கம் என் கண் போகாததற்கு அது ஒரு காரணம்.

தண்ணீர் எங்கே போகிறது

98க்கும் 61க்கும் இடையில் 37 பாகை. பலரும் இதைப் பார்த்தால் ரேடியேட்டர் அபாரமாக வேலை செய்கிறது என்பார்கள். முதல் கணம் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கொஞ்சம் கணக்குப் போட்டால் தலைகீழாகிவிடும்.

எஞ்சின் ஒரு நிமிடத்துக்குக் கொடுக்கிற வெப்பம் ஒரு குறித்த அளவு. அந்த வெப்பத்தைத் தண்ணீர்தான் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்கவேண்டும். நிறையத் தண்ணீர் ஓடினால் ஒவ்வொரு லீற்றரும் கொஞ்சமாகச் சுமக்கும், போகும் சூட்டுக்கும் வரும் சூட்டுக்கும் வித்தியாசம் சிறிதாக இருக்கும். நல்ல நிலையில் இருக்கிற வாகனத்தில் பாரத்தோடு ஓடும்போது அது பத்துப் பாகையை ஒட்டி நிற்கும். இங்கே ஏறக்குறைய நாலு மடங்கு. அப்படியென்றால் ரேடியேட்டருக்குள் போகிற தண்ணீர் நாலில் ஒரு பங்குதான். போன கொஞ்சம் நன்றாக ஆறித்தான் திரும்புகிறது. போதுமான அளவு போகவில்லை.

காற்றுக் குறைந்திருந்தால் எண்கள் வேறு மாதிரி வந்திருக்கும். 98 போய் 92 திரும்பும். இரண்டுமே சூடாக இருக்கும். இந்த ஒரு வித்தியாசத்தை முதல் கராஜிலேயே அளந்திருந்தால் கராஜ் கராஜாக அலைந்த நாளெல்லாம் மிச்சம்.

ஓட்டம் குறைய நாலு காரணம் இருக்கலாம். ரேடியேட்டர் அடைப்பு, கீழ் ஹோஸ் உறிஞ்சப்பட்டு நசுங்குவது, பம்ப் தள்ளாமை, அல்லது தண்ணீர் வேறு வழியால் போய்விடுவது.

ரேடியேட்டரைக் கழற்றி, கீழ் வாயைக் கையால் அடைத்து நிரப்பிவிட்டுக் கையை எடுத்தேன். ஒரே மூச்சில் கொட்டியது. நானாவிடமும் தொலைபேசியில் கேட்டேன். "என்ட வேலையில கொறை இருந்தா சல்லி வேணாம் தம்பி. தொறக்கக்குள்ள உள்ளுக்கு உப்பளம் மாதிரி இருந்திச்சு, எல்லாக் குழாயும் கம்பி உட்டுத்தான் குடுத்த" என்றார். உப்புவெளிக் கிணற்றுத் தண்ணீரைப் பல வருடம் ஊற்றியதன் பலன் அந்த உப்பளம். ஊரின் பெயரே எச்சரிக்கையாக இருந்தும் யாரும் கேட்பதில்லை, உவர்மலைக்காரரும் சேர்த்துத்தான். நானாவின் வேலையில் குறை இல்லை என்பதை நேரில் போய்ச் சொல்லவேண்டும் என்று பிறகு ஒருநாள் போனேன். கிண்ணியாப் பாலம் 2009இல் திறப்பதற்கு முன்பென்றால் இதற்காகப் பாதைப் படகுக்கு வரிசையில் நின்று கடந்திருப்பேனா என்பது வேறு கேள்வி.

கீழ் ஹோஸில் உள்ளே சுருள் கம்பி சரியாக இருந்தது. பெடியன் அக்ஸிலேட்டரை மிதிக்க நான் டார்ச் அடித்துப் பார்த்தேன், நசுங்கவில்லை. பெல்ட்டும் இறுக்கம்.

மிஞ்சியது பம்ப் என்று முடிவெடுத்தேன். இரண்டாவது பிழை. புதிதாகப் போட்ட பம்ப் எந்த நாட்டில் செய்ததென்று தெரியாத ஒன்று. அப்படிப்பட்டவற்றில் உள்ளே இருக்கும் சுழல்தகடு அச்சில் வழுக்குவதைப் பார்த்திருக்கிறேன், அந்த அனுபவம் என்னை இழுத்துக்கொண்டு போனது. அரை நாள் மினக்கெட்டுக் கழற்றினோம். தகடு அச்சோடு இறுக்கமாக இருந்தது, இலைகள் முழுசு, இடைவெளி சரி. என் அனுபவம் அரை நாள் கூலியைத் தின்றதுதான் மிச்சம்.

பெடியன்தான் கண்டான். நான் பம்பைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டு நிற்க, அவன், சூட்டுக்கேற்பத் தண்ணீரின் வழியைத் திறந்து மூடுகிற தெர்மோஸ்டாட் இருக்கவேண்டிய கூட்டின் மூடியைச் சுத்தம் செய்யலாம் என்று கழற்றி, உள்ளே விரலை விட்டு, "அண்ணன், இதுக்குள்ள ஒண்டுமே இல்லையே" என்றான்.

உள்ளே வெறும் கூடு. அதன் அடியில், தெர்மோஸ்டாட்டின் கால் உட்காரவேண்டிய இடத்தில், ஒரு பெருவிரல் புகுகிற ஓட்டை பளிச்சென்று திறந்து கிடந்தது.

கொப்பியைப் புரட்டினேன். நிலாவெளி போய்ச் சேரும்வரை முள்ளு எழும்பாது. காலையில் சூடாக மறுக்கிற எஞ்சினும் ஏற்றத்தில் கொதிக்கிற எஞ்சினும் ஒன்றாக இருந்தால், அதற்கு இதைவிட வேறு விளக்கம் தேடவேண்டியதே இல்லை.

அந்த ஓட்டையின் கதையைச் சொல்லவேண்டும், ஏனென்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது நம் பக்கத்தில் ஒரு வைத்தியமாகவே நடக்கிறது. "அது வெள்ளைக்காரன்ட குளிர் நாட்டுக்கு, எங்கட வெயிலுக்கு என்னத்துக்கு?" என்பதுதான் பேச்சு. ஐயாவிடம் கேட்டபோது அவரும் அதையே சொன்னார். இரண்டு வருடம் முன்பு ஒருதரம் முள்ளு ஏறியிருக்கிறது, அப்போது கழற்றிப்போட்டவர் சொன்ன வாக்கியம் அது. பழையது மூடியபடி இறுகிப்போயிருக்கும். கழற்றியதும் முள்ளு கீழே இறங்கியது. நோய் தீர்ந்தது என்று நினைத்துவிட்டார்கள்.

எஞ்சினுக்குள் தண்ணீருக்கு இரண்டு வழி. ஒன்று ரேடியேட்டர் வரை போய்வருகிற நீண்ட சுற்று. மற்றது ரேடியேட்டரைத் தொடாமல் எஞ்சினுக்கும் பம்புக்கும் இடையில் மட்டும் சுற்றுகிற குறுக்கு வழி. குளிரில் தெர்மோஸ்டாட் நீண்ட வழியை மூடி வைத்திருக்கும், குறுக்கு வழி திறந்திருக்கும். சூடு ஏற ஏற உள்ளிருக்கும் மெழுகு விரிந்து நீண்ட வழியைத் திறக்கும். இந்த வகையில் அதே நேரம் கீழே இருக்கிற தட்டையான கால் இறங்கிக் குறுக்கு வழியின் ஓட்டையை அடைத்துவிடும். ஒன்று திறக்க மற்றது மூடும், இரண்டும் ஒரே சாமான்.

அதைக் கழற்றினால் இரண்டு வழியும் எப்போதும் திறந்தே கிடக்கும். தம்பலகாமத்தில் வயலுக்குத் தண்ணீர் கட்டினவருக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. மேல்வயலின் வக்கடையை அடைக்காமல் கடைசி வயலுக்குத் தண்ணீர் போகவில்லையே என்று வாய்க்காலைத் திட்டி என்ன பயன்? தண்ணீர் கிட்ட இருக்கிற, தடையில்லாத வழியால்தான் போகும். ரேடியேட்டரின் நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்களுக்குள் நுழைவதைவிட அந்தப் பெருவிரல் ஓட்டைக்குள் போவது அதற்குச் சுகம். பம்பைப் புதிதாக மாற்றினாலும் பலன் இல்லை, கூடத் தள்ளினால் அதுவும் அந்த ஓட்டையால்தான் போகும்.

தெர்மோஸ்டாட் இல்லாமல் சூடாவதற்கு இன்னொரு விளக்கமும் கராஜ்களில் உலவுகிறது. தடை இல்லாததால் தண்ணீர் வேகமாக ஓடுகிறது, ரேடியேட்டரில் நின்று ஆற நேரமில்லை என்று. கேட்கச் சரிபோல இருக்கும், ஆனால் பிழை. வேகமாக ஓடினால் ஒரு சுற்றில் குறைவாக ஆறும், அதே அளவுக்குச் சுற்றும் கூடும். மொத்தத்தில் வெப்பம் கூடத்தான் வெளியேறும். இங்கே அளந்த 61 பாகையே அதை மறுக்கிறது. ரேடியேட்டருக்குள் போன தண்ணீர் ஆறாமல் திரும்பவில்லை, அளவுக்கு மேல் ஆறித்தான் திரும்பியது.

இரண்டு வருடம் ஏன் கொதிக்கவில்லை என்று ஐயா கேட்டார். நியாயமான கேள்வி. பள்ளிக்கூட ஓட்டத்தில், சமதரையில், அரைவாசி மிதியில் நாலில் ஒரு பங்குத் தண்ணீரே போதும். குளிர்ந்த எஞ்சின் தேய்மானத்தைக் கூட்டி டீசலையும் கூடக் குடித்திருக்கும், அதை யாரும் அளப்பதில்லை. பலகடுவதான் முதன்முதலாக முழுக் கணக்கையும் கேட்டது.

திருத்தமும் அதற்குப் பிறகும்

முதலில் வாங்கிவந்த தெர்மோஸ்டாட்டைத் திருப்பிக் கொடுக்கவேண்டியதாயிற்று. வட்டம் சரி, கூட்டில் அழகாக உட்கார்ந்தது, ஆனால் கால் இல்லை. கடைக்காரர் "ரெண்டும் ஒண்டுதான் பாஸ்" என்றார். ஒன்றில்லை. அதைப் போட்டால் காலையில் முள்ளு ஒழுங்காக எழும்பும், எல்லோரும் சந்தோஷப்படுவோம், பலகடுவவில் மறுபடி கொதிக்கும். காலோடு இருக்கிற சரியான வகை கொழும்பிலிருந்து வர மூன்று நாள் எடுத்தது. அதன் விலை அந்தப் பழுப்பு உறையில் இருந்ததில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

போடும் முன்பு சட்டியில் தண்ணீர் வைத்து நூலில் தொங்கவிட்டுக் காய்ச்சினோம். 82 என்று முத்திரை. மானியில் 82ஐ ஒட்டி வாய் திறக்கத் தொடங்கி, 95இல் எட்டு மில்லிமீட்டருக்கு மேல் எழும்பியது. புதிய சாமானைக் காய்ச்சிப் பார்ப்பதைப் பார்த்து மகன் சிரித்தார். புதிதாக வாங்கியதே மூடியபடி நின்றதை நான் பார்த்திருக்கிறேன், அதனால் சிரித்துவிட்டுப் போகட்டும். காற்று வெளியேற அதன் விளிம்பில் இருக்கும் சின்ன ஆடும் ஊசியை மேல்பக்கம் பார்க்க வைத்து மூடினேன்.

டொல்பினில் தண்ணீர்க் குழாய்கள் நீளம், உள்ளே காற்று அடைபட்டுவிட்டால் புதிதாகச் செய்ததெல்லாம் வீண். நமக்கு உவர்மலை எதற்கு இருக்கிறது? ஏற்றத்தில் மூக்கு மேலே பார்க்க நிறுத்தி, டயருக்குக் கல் வைத்து, மூடியைத் திறந்தபடி மெதுவாக நிரப்பி, ஹோஸ்களை நசுக்கி நசுக்கிக் காற்றை எடுத்தோம். கூலன்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி. கிணற்றுத் தண்ணீர் வேண்டாம் என்று ஐயாவிடம் சொல்லியாயிற்று. மகனிடம் தனியாக இன்னொரு தரம் சொன்னேன்.

அதே அரிசி மூட்டைகள், அதே மூன்றாம் கியர், அதே கந்தளாய் வீதி. இம்முறை நிழலில் 35 பாகை. தம்பலகாமச் சந்தியில் பெடியன் வாசித்தது: போவது 88, வருவது 79. ஒன்பது பாகை வித்தியாசம். ஓட்டம் திரும்பிவிட்டது.

அரிசி மூட்டை பலகடுவ ஆகாது. அதனால் அடுத்த ஞாயிறு மகனோடு நானும் போனேன், பதினொரு பேர் ஏற்றிக்கொண்டு, ஏசி போட்டு. ஏற்றத்தின் நடுவில் மேல் உணரி 94ஐத் தொட்டது, முள்ளு பாதியைக் கொஞ்சம் தாண்டியது. உச்சியைத் தாண்டியதும் இரண்டு நிமிடத்தில் 86க்கு இறங்கிவிட்டது. 94 எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. ஃபேன் கிளட்ச் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, சூட்டில் கையால் சுற்றினால் இறுகவேண்டிய அளவுக்கு இறுகவில்லை. இப்போதைக்கு ஆபத்தில்லை, அடுத்த சேர்விஸில் மாற்றச் சொல்லிக் கொப்பியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை முதலே மாற்றியிருந்தால் சூடு நாலைந்து பாகை குறைந்து, நோய் பாதி தீர்ந்ததுபோல் காட்டி, நம்மை இன்னும் ஒரு மாதம் அலைத்திருக்கும்.

ஒரு கிழமை கழித்து ஐயா மறுபடி வாசலில் நின்றார். இம்முறை உறை இல்லை, முகத்தில் கவலை மட்டும். "தம்பி, முன்ன காலையில முள்ளு கீழேயே கிடக்கும். இப்ப நிலாவெளிக்குப் பாதி வழி போகமுன்னமே ஏறி நடுவில நிக்குது. திரும்பத் தொடங்கிட்டுதோ?"

நடுவில்தான் நிற்கவேண்டும் என்று எவ்வளவு சொல்லியும் அவர் மனம் ஆறவில்லை. கடைசியில் அவருடைய பேத்தியின் சிவப்பு நகப்பூச்சை வாங்கி, மீட்டர் கண்ணாடியில் முள்ளு நிற்கிற இடத்துக்கு நேரே ஒரு புள்ளியும், அதற்கு ஒரு விரல் மேலே இன்னொரு புள்ளியும் வைத்துக் கொடுத்தேன். முதல் புள்ளியில் இருந்தால் ஓடுங்கள், இரண்டாவதைத் தொட்டால் எனக்கு எடுங்கள். இதுவரை எடுக்கவில்லை.